அடையாற்றிலிருந்து கயத்தாறு வரை: தமிழ்த் திரையில் கும்பினிப் போர்கள்

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிக்கும் தமிழகப் பாளையக்காரர்களுக்கும் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்த போர்களை வைத்துத் தமிழில் எடுக்கப்பட்ட படங்கள் மிகச் சிலவே. 1959ஆம் ஆண்டு மே மாதத்தில் சில நாள் இடைவெளியில் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'சிவகங்கைச் சீமை' ஆகிய இரண்டும், 1997இல் தொடங்கி இன்றுவரை முடிவடையாத 'மருதநாயகம்' என்ற படமும் இவற்றுள் முதன்மையானவை. ஆங்கிலேயர்கள் ஆப்பிரிக்காவில் ஜூலு மக்களோடு நடத்திய போரைப் பற்றி வெளிவந்த 'ஜூலு' (1964), 'ஜூலு டான்' (1979) ஆகிய ஆங்கிலப் படங்கள் உலகெங்கும் எப்படி அறியப்பட்டனவோ, அப்படியே இப்படங்கள் தமிழ் மக்களின் வரலாற்று நினைவில் இடம் பெற்றுள்ளன.

ஆயினும் இப்போர்களுக்கெல்லாம் முன்னுரையாக அமைந்த ஒரு போர் சென்னை அடையாற்றின் கரையில் 1746இல் நடந்தது. அதனை மையமாகக் கொண்ட முழுநீளத் தமிழ்ப் படம் எதுவும் வரவில்லை. திரையில் வந்த போர்களையும் வராத இந்தப் போரையும் சேர்த்துப் பார்த்தால்தான், கட்டபொம்மனிடம் கும்பினி ஏன் வரி கேட்டது என்ற எளிய கேள்விக்கு விடை கிடைக்கும்.

அடையாற்றுப் போர் (1746)

ஐரோப்பாவில் ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அதன் எதிரொலியாக 1746 செப்டம்பரில் லா போர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுக் கடற்படை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையைக் கைப்பற்றியது. அப்போது கோட்டையில் எழுத்தராக இருந்த இராபர்ட் கிளைவ் பிடிபட்டவர்களுள் ஒருவர். பின்னர் அவர் தப்பிக் கடலூர் புனித டேவிட் கோட்டைக்குச் சென்றார்.

ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் கான் தம் ஆட்சிப் பகுதிக்குள் இரண்டு வணிகக் கும்பினிகள் போரிடுவதை விரும்பவில்லை. சென்னையை மீட்கத் தம் மகன் மாபூஸ் கான் தலைமையில் சுமார் 10,000 பேர் கொண்ட படையை அனுப்பினார். புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவியாகப் பரதி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஒரு சிறு படையுடன் கடற்கரை வழியாக வடக்கே வந்தார். ஐரோப்பியர்களும் இந்தியச் சிப்பாய்களும் சேர்ந்து அவரிடம் ஆயிரம் பேர்கூட இல்லை. பீரங்கியும் இல்லை.

பழைய நாட்காட்டியின்படி 1746 அக்டோபர் 24 அன்று (புதிய நாட்காட்டியின்படி நவம்பர் 4) பரதியின் படை அடையாற்றின் தென்கரையை அடைந்தது. வடகரையில் நவாபின் படை பீரங்கிகளோடு அணிவகுத்து நின்றது. முகத்துவாரத்தை ஒட்டிய ஆழமற்ற இடத்தில் பரதியின் ஆட்கள் ஆற்றில் இறங்கிக் கடந்தனர். கரையேறியதும் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் துப்பாக்கியால் சுட்டனர். பின்னர்த் துப்பாக்கி முனையில் பொருத்திய ஈட்டியுடன் பாய்ந்தனர். நவாபின் படை நிலைகுலைந்து சாந்தோமுக்குள் ஓடியது. அங்கும் குறுகிய தெருக்களில் அது நெருக்குண்டு சிதறியது.

சண்டை நீண்ட நேரம் நடக்கவில்லை. ஆனால் அது கற்றுத் தந்த பாடம் பெரிது. பத்து மடங்கு பெரிய குதிரைப்படையையும் பயிற்சி பெற்ற சிறு காலாட்படை முறியடிக்கலாம் என்பதை ஐரோப்பியர்கள் கண்டனர். அந்தக் காலாட்படைக்கு ஐரோப்பாவிலிருந்து ஆள் கொண்டுவர வேண்டியதில்லை, உள்ளூர் மனிதர்களுக்கே பயிற்சி கொடுத்தால் போதும் என்பதையும் கண்டனர். 1748இல் வந்த ஸ்டிரிங்கர் லாரன்ஸ் ஆங்கிலேயர்களின் படையை இந்த வழியில் அமைத்தார். அதுவே பின்னர்ச் சென்னை இராணுவமாக வளர்ந்தது. சென்னை நகரம் ஐரோப்பாவில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி ஆங்கிலேயர்களிடம் திரும்பிவிட்டது. அடையாற்றில் கற்ற பாடம் மட்டும் திரும்பிப் போகவில்லை.

அக்காலப் புதுச்சேரியில் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு, இந்த ஆண்டுகளை ஒரு தமிழரின் கண்ணால் பார்க்க உதவும் அரிய ஆவணமாகும்.

ஆற்றங்கரையிலிருந்து வரிவசூல் வரை

மாபூஸ் கானின் தம்பி முகம்மது அலி வாலாஜா. அன்வருதீன் 1749இல் ஆம்பூர்ப் போரில் இறந்தபின், ஆங்கிலேயர்களின் துணையோடு இவர் நவாப் ஆனார். துணைக்கு வந்த படைக்குச் செலவு உண்டு. அந்தச் செலவு நவாபின் கணக்கில் கடனாக ஏறிக்கொண்டே போனது. கடனை அடைக்க முடியாத நவாப், வரிவசூலிக்கும் உரிமையைப் படிப்படியாகக் கும்பினியிடம் விட்டுக்கொடுத்தார். 1792 உடன்படிக்கையின்படி தென்பாண்டிப் பாளையங்களில் கப்பம் வசூலிக்கும் பொறுப்பு கும்பினியிடம் வந்து சேர்ந்தது.

மதுரை நாயக்கர் காலத்தில் 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்ட இப்பகுதியில் பாளையக்காரர்கள் காவல், நீதி, வரி ஆகிய மூன்றையும் தம் கையில் வைத்திருந்தனர். மேலே இருக்கும் அரசர் வலுவாக இருந்தால் கப்பம் செலுத்துவர், வலுவிழந்தால் நிறுத்திக்கொள்வர். எழுதிவைத்த கணக்கின்படி, குறித்த நாளில், நிலுவையில்லாமல் பணம் கேட்ட கும்பினி அவர்களுக்கு முற்றிலும் புதிய எசமானாக இருந்தது. அடையாற்றில் தொடங்கிய கதை பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்து சேர்ந்த வழி இதுதான். திரைப்படங்கள் பெரும்பாலும் இந்த வழியின் கடைசிக் கட்டத்திலிருந்தே கதையைத் தொடங்குகின்றன.

வீரபாண்டிய கட்டபொம்மன் (1959)

பத்மினி பிக்சர்ஸ் சார்பில் பி. ஆர். பந்துலு தயாரித்து இயக்கிய படம் இது. சிவாஜி கணேசன் ஏற்கெனவே 1957 முதல் மேடையில் நடித்து வந்த நாடகமே திரைவடிவம் பெற்றது. வசனம் சக்தி டி. கே. கிருஷ்ணசாமி, இசை ஜி. இராமநாதன். வெள்ளையத்தேவனாக ஜெமினி கணேசனும், வெள்ளையம்மாளாகப் பத்மினியும், சக்கம்மாவாக எஸ். வரலட்சுமியும், எட்டப்பனாக வி. கே. இராமசாமியும் நடித்தனர். ஜாக்சன் துரையாகச் சி. ஆர். பார்த்திபனும், பானர்மேனாக ஜாவர் சீதாராமனும் தோன்றினர். வண்ணத்தில் எடுக்கப்பட்ட இப்படத்தின் போர்க் காட்சிகள் ஜெய்ப்பூரில் படமாக்கப்பட்டன. 1959 மே மாதத்தில் முதலில் இலண்டனிலும், சில நாட்களில் இந்தியாவிலும் வெளியானது. 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர், சிறந்த இசை ஆகிய விருதுகளைப் பெற்றது.

வரி குறித்து ஜாக்சனிடம் கட்டபொம்மன் கேள்வி மேல் கேள்வி கேட்கும் காட்சி தமிழ்நாட்டின் பள்ளி ஆண்டு விழாக்களில் தலைமுறை தலைமுறையாக நடிக்கப்பட்டு வருகிறது. தலைப்பாகை கட்டி, மீசை ஒட்டி, அட்டை வாள் ஏந்தி அந்த வசனத்தை ஒப்பிக்காத வகுப்பு அரிது. பாடநூலில் படித்த கட்டபொம்மனைவிட, திரையில் கேட்ட கட்டபொம்மனே மாணவர் மனத்தில் நின்றார்.

படமும் ஆவணமும்

ஆவணங்கள் காட்டும் நிகழ்ச்சி வருமாறு. ஆட்சியர் ஜாக்சன் கட்டபொம்மனைச் சந்திக்க அழைத்துவிட்டு, ஊர் ஊராகத் தம் பயணத்தில் அலையவிட்டார். இறுதியில் 1798 செப்டம்பர் 10 அன்று இராமநாதபுரம் அரண்மனையில் சந்திப்பு நடந்தது. பாளையக்காரரை நிற்க வைத்தே நெடுநேரம் விசாரித்தார் ஜாக்சன். கட்டபொம்மன் வெளியேறியபோது வாயிலில் கைகலப்பு ஏற்பட்டது. லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். கட்டபொம்மனின் செயலர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

இதன்பின் நடந்தது பலருக்குத் தெரியாது. கட்டபொம்மன் சென்னைக்கு முறையீடு அனுப்பினார். கும்பினி அரசு விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. குழு ஜாக்சனின் நடத்தையைக் குறை கூறியது. அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக லூஷிங்டன் வந்தார். அதாவது, சந்திப்பில் யார் பக்கம் நியாயம் இருந்தது என்பதைக் கும்பினியின் சொந்த விசாரணையே ஒப்புக்கொண்டது. அப்படியிருந்தும் ஓராண்டுக்குள் படை வந்தது. ஆட்சியர் மாறினாலும் வரிக் கொள்கை மாறவில்லை என்பதே இதன் பொருள்.

1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். முதல் தாக்குதல் தோற்றது. கும்பினி அதிகாரிகள் சிலர் இறந்தனர். மேலும் படை வருவதை அறிந்த கட்டபொம்மன் சில நாட்களில் கோட்டையைவிட்டு வெளியேறினார். புதுக்கோட்டைத் தொண்டைமானின் எல்லையில் பிடிபட்டு, 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் மற்றப் பாளையக்காரர்கள் கூடியிருக்க, புளியமரத்தில் தூக்கிலிடப்பட்டார்.

திரையில் காணும் கோட்டைக்கும் உண்மைக் கோட்டைக்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. ஜெய்ப்பூரின் பின்னணியில் கல்லும் கொத்தளமுமாகத் தெரிவது, உண்மையில் மண்ணால் கட்டிய கோட்டை. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரையும் அவருடைய ஆட்களும், இடிக்கப்பட்ட அதே கோட்டையைச் சில நாட்களில் மீண்டும் எழுப்பியதற்குக் காரணம் அது மண்கோட்டை என்பதே. அதே மண்சுவர் பீரங்கிக் குண்டுகளை விழுங்கிக்கொண்டு நின்றது. 1801 மார்ச் இறுதியில் நடந்த தாக்குதலைக் கும்பினி பெரும் இழப்புடன் கைவிட நேர்ந்தது. கர்னல் அக்னியூ கூடுதல் படையோடு வந்த பின்னரே, மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது. உழவரும் காவற்காரரும் தம் கையால் எழுப்பிய மண்கோட்டை ஐரோப்பியப் பீரங்கியைத் தடுத்தது என்ற உண்மை, எந்த அரண்மனைக் காட்சியைவிடவும் வியப்பளிப்பதாகும்.

இந்தப் போரில் கலந்துகொண்ட கும்பினி அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. கோட்டை வீழ்ந்த நாளில் ஒரு தாய் காயமுற்றுக் கிடந்த தன் மகனைத் தேடி வந்தாள். உயிர் பிரியும் நிலையில் இருந்த மகன், தன்னை விட்டுவிட்டு அருகில் காயத்துடன் கிடக்கும் ஊமைத்துரையைக் காப்பாற்றச் சொன்னான். அவள் ஊமைத்துரையைத் தூக்கிச் சென்றாள். எதிரிகள் நெருங்கியபோது, அம்மை கண்டு இறந்த பிள்ளை என்று சொல்லித் துணியால் மூடி அழுதனர். தேடி வந்தவர்கள் நோய்க்கு அஞ்சி விலகிச் சென்றனர். பெயர் தெரியாத அந்தத் தாயின் செயலால் ஊமைத்துரை தப்பிச் சிவகங்கைக்குச் சென்று மேலும் சில மாதங்கள் போரிட்டார். 1799உடன் முடிந்துவிடும் படத்தில் இதற்கு இடமில்லை.

படம் வெளிவருவதற்கு முன்னரே கட்டபொம்மனை விடுதலை வீரராக நிறுவும் பணியில் ம. பொ. சிவஞானம் ஈடுபட்டிருந்தார். மறுபுறம், தமிழ்வாணன் 'கட்டபொம்மன் கொள்ளைக்காரன்' என்ற நூலையே எழுதினார். கும்பினியின் ஆவணங்கள் பாளையக்காரர்களைக் கொள்ளையர் என்றே குறித்தன என்பதையும், அவை வரி கேட்டவரின் எழுத்து என்பதையும் சேர்த்தே இந்த விவாதத்தைப் படிக்க வேண்டும். வரலாற்றாசிரியர் கே. இராசய்யன் 1800–1801 கிளர்ச்சியை விரிவாக ஆராய்ந்து, அதனை முதல் விடுதலைப் போர் என்று மதிப்பிட்டார்.

எட்டப்பன் என்ற பெயர்

படம் விட்டுச் சென்ற தாக்கங்களுள் மிகக் கடுமையானது எட்டப்பன் என்ற பெயருக்கு நேர்ந்ததாகும். இன்று தமிழில் காட்டிக்கொடுப்பவரைக் குறிக்கும் சொல்லாகவே அது வழங்குகிறது. எட்டயபுரம் பாளையம் கும்பினியின் பக்கம் நின்று ஆள் உதவி செய்தது உண்மை. ஆனால் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் எல்லைத் தகராறு நெடுங்காலமாக இருந்தது என்பதும் உண்மை. கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான் என்பதும் உண்மை. பொதுவான எதிரி யார் என்று அன்று எல்லோரும் ஒரே மாதிரி எண்ணவில்லை. பக்கத்துப் பாளையமே பலருக்கு முதல் எதிரியாக இருந்தது.

'எட்டப்பன்' என்பது தனி ஒருவரின் பெயருமன்று. எட்டயபுரம் ஆட்சியாளர்கள் வழிவழியாகத் தாங்கிய பட்டப்பெயர். ஒரு பரம்பரையின் பெயர் முழுவதும் வசைச்சொல்லாக மாறிவிட்டது. அந்த ஊரில்தான் 1882இல் பாரதியார் பிறந்தார் என்பதும் நினைவுகொள்ளத்தக்கது.

சிவகங்கைச் சீமை (1959)

'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்த சில நாட்களிலேயே கண்ணதாசன் தயாரித்த 'சிவகங்கைச் சீமை' வெளியானது. கே. சங்கர் இயக்கினார். எஸ். எஸ். இராஜேந்திரன், டி. கே. பகவதி, எஸ். வரலட்சுமி, குமாரி கமலா ஆகியோர் நடித்தனர், இசை விசுவநாதன்–இராமமூர்த்தி. மருது சகோதரர்களின் போராட்டத்தைக் கூறும் இப்படம் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. வண்ணப் படத்தின் வெற்றிக்கு முன் இது வசூலில் பின்தங்கியது. எனினும் பாடல்களால் நினைவில் நிற்கிறது.

வரலாற்று நோக்கில் மருது சகோதரர்களின் போர் கட்டபொம்மனின் போரைவிடப் பரந்தது. திண்டுக்கல், இராமநாதபுரம், சிவகங்கை எனப் பல பகுதிக் கிளர்ச்சியாளர்கள் ஒன்றிணைந்தனர். 1801 ஜூன் மாதம் சின்ன மருது வெளியிட்ட அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்டது. எல்லாச் சாதியினரையும் நோக்கிப் பேசிய அறிக்கை அது. ஆங்கிலேயர்களிடம் சேவை செய்த சிப்பாய்களையும் அது அழைத்தது.

காளையார்கோவில் வீழ்ந்தபின் பெரிய மருதுவும் சின்ன மருதுவும் பிடிபட்டு, 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பரில் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். எஞ்சியவர்களுள் சின்ன மருதுவின் 15 வயது மகன் துரைச்சாமி உட்பட 73 பேர் 1802 பிப்ரவரியில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர்.

இவர்களைப் பற்றியும் வெல்ஷ் எழுதியுள்ளார். போருக்கு முன் அமைதிக் காலத்தில் தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று நன்றியோடு குறிப்பிடுகிறார். அந்த மாணவரே பின்னர் ஆசிரியரை வேட்டையாடிய படையில் இருந்தார். பிற்காலத்தில் துரைச்சாமியைப் பினாங்கில் உடல் நலிந்த நிலையில் கண்டு வருந்தியதையும் எழுதியுள்ளார். திரையில் வரும் ஆங்கிலேய அதிகாரி பெரும்பாலும் கொடூரச் சிரிப்போடு தோன்றுவார். நட்பும் கடமையும் மோதிய வெல்ஷ் போன்ற ஒருவர் தமிழ்த் திரையில் இன்னும் சரியாக வரவில்லை.

மருதநாயகம்: முடிவடையாத படம்

இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த பனையூரில் பிறந்தவர் மருதநாயகம். இசுலாத்தைத் தழுவி யூசுப் கான் ஆனார். மக்கள் கான் சாகிப் என்று அழைத்தனர். அடையாற்றுப் போருக்குப்பின் உருவான புதிய சிப்பாய்ப் படையின் மிகச் சிறந்த தளபதியாக உயர்ந்தார். 1758–59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியிலிருந்து பிரெஞ்சுப் படையின் உணவு வழியைக் குலைத்து ஆங்கிலேயர்களைக் காத்தவர்களுள் முக்கியமானவர். கும்பினிக்காகப் பூலித்தேவருக்கு எதிராகப் போரிட்டு நெற்கட்டும்செவலை வென்றவரும் இவரே. அந்தப் பூலித்தேவரோடு ஒரு காலத்தில் கைகோத்து நின்றவர், அடையாற்றில் தோற்ற அதே மாபூஸ் கான் என்பது இக்கால வரலாற்றின் பின்னலைக் காட்டுகிறது.

மதுரையின் ஆளுநரான யூசுப் கான், நவாபுக்கும் கும்பினிக்கும் அடங்க மறுத்து 1763இல் தனித்து நின்றார். மதுரைக் கோட்டை ஓராண்டுக்கும் மேலாக முற்றுகையைத் தாங்கியது. முடிவில் உடனிருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்தனர். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார்.

இவருடைய வாழ்வைக் கமல்ஹாசன் படமாக்கத் தொடங்கினார். திரைக்கதைப் பணியில் எழுத்தாளர் சுஜாதா பங்கேற்றார். அடையாற்றுக்குத் தெற்கே தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். திரைப்பட நகரில் 1997 அக்டோபர் 16 அன்று தொடக்க விழா நடந்தது. இந்தியா வந்திருந்த இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் விழாவில் கலந்துகொண்டார். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும் அக்டோபர் 16. கும்பினியை எதிர்த்துத் தூக்குமேடை ஏறிய ஒருவரின் படத்தை, 198 ஆண்டுகளுக்குப் பின் அதே தேதியில், இங்கிலாந்து அரசி முன்னிலையில் தொடங்கியது தற்செயலே ஆனாலும் மறக்கக்கூடியதன்று. பொருள் வசதி கிடைக்காமல் படம் பாதியில் நின்றது.

ஜூலு போர்ப் படங்களுடன் ஒப்பீடு

1878 டிசம்பரில் ஆங்கிலேய உயர் ஆணையர் பார்ட்டில் பிரெர், ஏற்க முடியாத நிபந்தனைகளை ஜூலு அரசர் செட்சுவாயோவுக்கு அனுப்பினார். பிரெர் முன்பு பம்பாய் மாகாண ஆளுநராக இருந்தவர். 1879 ஜனவரி 22 அன்று இசாண்டல்வானாவில் சுமார் 20,000 ஜூலு வீரர்கள் ஆங்கிலேய முகாமைத் தாக்கி அழித்தனர். ஆங்கிலேயத் தரப்பில் 1,300 பேருக்கு மேல் இறந்தனர். அன்று மாலை தொடங்கி மறுநாள் வரை, ரோர்க்ஸ் டிரிப்ட் என்ற சிறு நிலையத்தை ஏறத்தாழ 150 பேர் 3,000க்கும் மேற்பட்டோரை எதிர்த்துக் காத்தனர். அவர்களுள் 11 பேருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. ஜூலை 4 அன்று உலுண்டியில் ஜூலு அரசு வீழ்ந்தது.

சை எண்ட்பீல்டு இயக்கிய 'ஜூலு' படம் எடுத்துக்கொண்டது காலையில் நேர்ந்த பெருந்தோல்வியை அன்று. மாலையில் கிடைத்த சிறு வெற்றியை. போர் ஏன் வந்தது என்பதை அப்படம் சொல்வதில்லை. செட்சுவாயோவாக அவர் வழிவந்த மங்கோசுத்து புத்தெலெசியே நடித்தார். ஆயினும் படத்தில் கதையும் பேச்சும் ஆங்கிலேய வீரர்களுடையவை. தோல்வியைச் சொல்லும் 'ஜூலு டான்' 15 ஆண்டுகள் கழித்தே வந்தது.

'ஜூலு' படத்திலும் ஓர் எட்டப்பன் உண்டு. விக்டோரியா சிலுவை பெற்ற ஹென்றி ஹூக் என்ற வீரர் படத்தில் குடிகாரராகவும் வேலைக்கு டிமிக்கி கொடுப்பவராகவும் காட்டப்படுகிறார். உண்மையில் அவர் மது அருந்தாதவர், நன்னடத்தை உடையவர். கதைக்குச் சுவை சேர்க்கத் திரை ஒருவர் மீது பூசும் கறை, ஆவணங்களால் எளிதில் கழுவப்படுவதில்லை.

இந்தப் போருக்கும் தமிழர்களுக்கும் தொடர்பே இல்லை என்று கூற முடியாது. சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அதில் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர்களும் பின்வந்தவர்களும் 1879இல் ஜூலு நாட்டை ஒட்டிய நேட்டால் கரும்புத் தோட்டங்களில் உழைத்துக்கொண்டிருந்தனர். 1906இல் ஜூலு மக்கள் மீண்டும் கிளர்ந்தபோது காந்தியடிகள் அமைத்த மருத்துவ உதவிப் படையில் பெரும்பாலோர் தென்னிந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருந்தவர்களே.

திரை காட்டாத சிப்பாய்

ஜூலு படங்களில் இரு தரப்பும் தோற்றத்திலேயே வேறுபட்டவை. சிவப்புச் சட்டை ஒரு பக்கம், கேடயமும் ஈட்டியும் மறுபக்கம். தமிழகப் போர்களில் நிலைமை அப்படியன்று. பாஞ்சாலங்குறிச்சியின் மண்சுவரை நோக்கிச் சுட்டவர்களுள் ஐரோப்பியர் சிலரே. பெரும்பாலோர் சென்னை இராணுவத்துச் சிப்பாய்கள். தமிழும் தெலுங்கும் உருதும் பேசியவர்கள். மாதச் சம்பளம் தவறாமல் கிடைக்கும் வேலை அவர்களைக் கும்பினிப் படைக்கு இழுத்தது. நவாபின் படையிலும் பாளையங்களிலும் அந்த உறுதி இல்லை.

தமிழ்ப் படங்களில் இந்தச் சிப்பாய் வரிசையில் நிற்கிறார், சுடுகிறார், விழுகிறார், பேசுவதில்லை. ஊர் எது, ஏன் சேர்ந்தார், எதிரே நிற்பவர் தம் மொழி பேசுபவர் என்று தெரிந்தபோது என்ன நினைத்தார் என்ற கேள்விகள் எழுவதில்லை. பாளையக்காரர் போர்கள் முடிந்து ஐந்தாண்டுகளுக்குள், 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் துப்பாக்கியைத் திருப்பியவர்கள் இதே இராணுவத்துச் சிப்பாய்களே. ஒரு துரோகியைச் சுட்டிக்காட்டித் தோல்விக்கு விளக்கம் கூறுவது எளிது. ஒரு சமூகத்தின் ஆயிரக்கணக்கான மனிதர் கூலிக்காக அந்நியப் படையில் சேர்ந்த காலத்தை விளக்குவது கடினம். திரை எளியதைத் தேர்ந்தது.

பிற்கால நிலை

2009இல் ஹரிஹரன் இயக்கத்தில் வந்த 'பழசிராஜா' என்ற மலையாளப் படம், வயநாட்டில் கும்பினியை எதிர்த்த கேரள வர்மாவின் காட்டுப்போரைச் சொன்னது. தமிழிலும் வெளியான இப்படத்தில் மம்மூட்டியுடன் சரத்குமார் நடித்தார், இசை இளையராஜா. குறிச்சியர் முதலிய மலைமக்களைப் பெயரும் முகமும் உள்ள போராளிகளாகக் காட்டியது இதன் சிறப்பு.

படங்களின் தாக்கம் திரையோடு நின்றுவிடவில்லை. கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தில் சிவாஜி கணேசன் தம் செலவில் சிலை அமைத்தார். பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் தமிழ்நாடு அரசு நினைவுக்கோட்டை எழுப்பியது. பழைய மண்கோட்டையின் அடித்தளம் அதன் அருகே பாதுகாக்கப்பட்டுள்ளது. அங்குச் செல்லும் மாணவர்கள் இரண்டையும் பார்த்து ஒப்பிடுவது நல்லது.

அடையாற்றிலோ போர் நடந்த கரை இன்று பாலங்களும் குடியிருப்புகளுமாக உள்ளது. திரைத் தொழிலுக்கு அடையாறு அந்நியமான இடமன்று. எம்.ஜி.ஆரின் சத்யா ஸ்டூடியோ அங்குதான் இயங்கியது. இப்போது அவ்விடத்தில் பெண்கள் கல்லூரி உள்ளது. திரைக்கலை கற்பிக்கும் அரசு நிறுவனமும் 'அடையாறு திரைப்படக் கல்லூரி' என்றே நெடுங்காலம் பெயர் பெற்றிருந்தது. அரசர்களின் வாட்போர்கள் எத்தனையோ படமான ஊரில், சொந்த ஆற்றின் போர் படமாகவில்லை.

அதற்குக் காரணம் தேடுவது கடினமன்று. அடையாற்றுப் போரில் தமிழ்ப் பெயருள்ள நாயகன் இல்லை. ஒரு பக்கம் நவாபின் மகன், மறுபக்கம் பிரெஞ்சுக் கொடியின் கீழ் ஒரு சுவிட்சர்லாந்துக்காரர். தமிழர்கள் இருந்தார்கள், ஆனால் ஆற்றில் இறங்கி நடந்த பெயரில்லாச் சிப்பாய்களாகவும், சாந்தோம் தெருக்களில் கதவைச் சாத்திக்கொண்ட குடிமக்களாகவும் இருந்தார்கள். கட்டபொம்மனும் மருது சகோதரர்களும் கான் சாகிபும் எதிர்கொண்ட படை, அந்தச் சிப்பாய்களைக் கொண்டே அந்த ஆற்றங்கரையில் பிறந்தது.